பாம்பே ஹை எண்ணெய் மேடையில் என்னதான் வேலை?

கேள்வி இது: "டிப்ளமா முடித்த தம்பிக்குக் கடல் நடுவே எண்ணெய் மேடையில் ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. 14 நாள் வேலை, 14 நாள் லீவு என்கிறார்கள். அங்கே என்ன செய்வார்கள், எப்படித் தங்குவார்கள், ஆபத்து எவ்வளவு, போகலாமா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரிக் வேறு, பிளாட்ஃபார்ம் வேறு. ரிக் என்பது கிணறு தோண்டும் எந்திரம். தோண்டி முடித்ததும் காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். 1974-இல் பாம்பே ஹையில் எண்ணெய் கண்டுபிடித்த 'சாகர் சாம்ராட்' அப்படிப்பட்ட ஜாக்-அப் ரிக்தான். பிளாட்ஃபார்ம் என்கிற மேடை கடல் தரையில் ஆணியடித்தது போல் நின்று, பத்துப் பதினைந்து வருடமல்ல, முப்பது நாற்பது வருடம் எண்ணெய் எடுத்துக்கொண்டே இருக்கும். பாம்பே ஹை மும்பைக்கு மேற்கே ஏறக்குறைய 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஆழம் சுமார் 75 மீட்டர். 1976 மே மாதத்திலிருந்து அங்கே உற்பத்தி நடக்கிறது. தம்பிக்கு வந்திருப்பது ரிக் வேலையா, மேடை வேலையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் உடம்பைக் கேட்கும் விதமே வேறு. நான் இங்கே சொல்வது பெரும்பாலும் மேடையைப் பற்றி.

வெளியே இருப்பவர்கள் கடலையும் புயலையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, குழாய்க்குள் அழுத்தத்தோடு ஓடும் வாயு. அங்கே எதை எங்கே வைத்திருக்கிறார்கள், யார் எப்போது தூங்குகிறார்கள், ஒரு போல்ட்டைக் கழற்ற ஏன் நான்கு கையெழுத்து வேண்டும் என்பதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: அந்த வாயுவும் ஒரு தீப்பொறியும் சந்திக்கக் கூடாது.

ஒரு பெரிய வளாகம் என்பது ஒரே மேடை அல்ல. பல மேடைகள், இடையே இரும்புப் பாலங்கள். பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றில், கடல்நீரைக் கிணற்றுக்குள் செலுத்தும் பம்புகள் இன்னொன்றில், தங்கும் அறைகள் வேறொன்றில். வீணாகும் வாயுவை எரிக்கும் ஃபிளேர் தனியாக, தள்ளி, பாலத்தின் கடைசியில் நிற்கும். தூங்கும் இடத்துக்கும் வாயுவுக்கும் நடுவே காற்றும் கடலும் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. தங்கும் கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியேதான் வீசும், வாயு உள்ளே நுழையாது. காற்று உறிஞ்சும் வாயில் டிடெக்டர் வாயுவை உணர்ந்தால், காற்று வழியை அடைக்கும் டேம்பர் என்ற தகடு தானாக மூடிக்கொள்ளும். அதனால்தான் இரட்டைக் கதவில் ஒன்றைக் கட்டை வைத்துத் திறந்து வைப்பவருக்கு அங்கே நல்ல திட்டு கிடைக்கும்.

வளாகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்தில் சின்னச் சின்னக் கிணற்று மேடைகள். அவற்றில் யாரும் தங்குவதில்லை. அங்கிருந்து எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் கலந்த கலவை கடலடிக் குழாய் வழியாக வளாகத்துக்கு வந்து, செபரேட்டர் என்ற கிடைமட்டமான பெரிய கலத்துக்குள் போகும். வாயு மேலே, எண்ணெய் நடுவே, தண்ணீர் அடியில் என்று எடை வாரியாகப் பிரியும். எண்ணெய் சர்ஜ் டேங்க் என்ற இடைத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து பம்பு அழுத்தத்தில் கடலடிக் குழாயில் மும்பைக்கு அருகிலுள்ள உரண் கரைக்கு. வாயு கம்ப்ரசருக்கு. தண்ணீர் சுத்திகரித்த பிறகு கடலுக்கு. அந்தத் தண்ணீரைச் சோதிக்கும்போது நூற்றுக்கு 95 தடவை எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், ஒருபோதும் 100-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி.

படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கன்ட்ரோல் ரூமில் பேனல் ஆபரேட்டராக உட்காருபவர் 12 மணி நேரமும் பார்ப்பது இந்தச் செபரேட்டரின் மட்டத்தைத்தான். மட்டம் ஏறினால் எண்ணெய்த் துளிகள் வாயுவோடு போய்க் கம்ப்ரசருக்குள் நுழையும். திரவத்தை அழுத்த முடியாது, கம்ப்ரசர் உடையும். மட்டம் இறங்கினால் இன்னும் மோசம். அதிக அழுத்த வாயு, எண்ணெய் போகும் வழியாகப் பாய்ந்து, குறைந்த அழுத்தத்துக்கென்று கட்டிய சர்ஜ் டேங்கில் போய் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி ட்ரிப், அதாவது தானாக நிறுத்தும் ஏற்பாடு, உண்டு. பழைய கிணறுகள் சீராக ஓடுவதில்லை. சற்று நேரம் வெறும் வாயு, பிறகு ஒரேயடியாகத் திரவம் என்று திக்கித் திக்கி வரும். அப்போது அலாரம் வந்துகொண்டே இருக்கும். அலாரத்தைப் பார்க்காமலே அமைதிப்படுத்தும் பழக்கம் வந்துவிட்ட ஆபரேட்டரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

வாயுவில் ஈரம் இருந்தால் அதுவும் தொல்லை. அதிக அழுத்தத்தில் தண்ணீரும் வாயுவும் சேர்ந்து ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி மாதிரியான பொருளாக உறையும். தண்ணீர் உறைய 0 டிகிரி வேண்டும், இதற்கு வேண்டாம். 10, 15 டிகிரியிலேயே உறைந்து குழாயை அடைக்கும். அடைத்த குழாயின் ஒரு பக்க அழுத்தத்தை மட்டும் அவசரப்பட்டு இறக்கினால், அந்தக் கட்டி துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து வளைவில் மோதிக் குழாயைப் பிளக்கும். இரு பக்கமும் சேர்த்து மெல்ல இறக்க வேண்டும். இந்தத் தொல்லையே வராமல் இருக்கத்தான், ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் (glycol) என்ற திரவம் ஓடும் கோபுரம். வாயு கீழிருந்து மேலே, ட்ரை எத்திலீன் கிளைக்கால் மேலிருந்து கீழே. வழியில் ஈரத்தைக் கிளைக்கால் வாங்கிக்கொள்ளும். ஈரம் ஏறிய கிளைக்காலைச் சுமார் 200 டிகிரியில் சூடாக்கித் தண்ணீரை விரட்டி மறுபடி அனுப்புவார்கள். 206 டிகிரியை ஒட்டி அது சிதையத் தொடங்கும், ஆகவே கூடுதல் சூடு கூடாது. கோபுரத்துக்குள் விடும் கிளைக்கால் வாயுவைவிட ஐந்தாறு டிகிரி சூடாக இருக்க வேண்டும். குளிர்ச்சியாக விட்டால் வாயுவிலிருக்கும் கனமான எண்ணெய்ப் பகுதி திரவமாகி, கிளைக்கால் நுரைத்து, மொத்தமும் வாயுவோடு அடித்துக்கொண்டு போய்விடும். கிளைக்கால் டேங்க் மட்டம் காரணமில்லாமல் குறைகிறதென்றால் ஃபீல்டு ஆபரேட்டர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வெப்பநிலை வித்தியாசத்தை.

ஃபீல்டு ஆபரேட்டரின் வேலை நடை. ரேடியோ, கையடக்க வாயு மீட்டர், டார்ச், ஒரு நோட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ரீடிங் எழுதுவது. பம்பு சீலில் சொட்டு இருக்கிறதா, பேரிங் சூடு எவ்வளவு, சத்தம் மாறியிருக்கிறதா. கன்ட்ரோல் ரூம் திரையில் வராத செய்திகள் இவை. இந்த வாயுவில் பெரும்பங்கான மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால்தான் பற்றும். 15 சதவீதத்துக்கு மேல் பற்றாது. டிடெக்டர்கள் அந்த 5 சதவீதத்தை 100 என்று வைத்துக்கொண்டு பேசும். பொதுவாக 20-இல் அலாரம், 60-இல் இரண்டு டிடெக்டர்கள் ஒத்துச் சொன்னால் ஆலை தானாக நின்றுவிடும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வேறு வகை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்று நம்பக் கூடாது. 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) ஒட்டி மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உயிருக்கு உடனடி ஆபத்து தொடங்குவதும் அதே அளவில்தான். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்தவர்கள் செத்திருக்கிறார்கள்.

கிணற்றை மூடும் ஏற்பாடு மட்டும் மிக அழகானது. கடல் தரைக்குக் கீழே, கிணற்றின் குழாய்க்குள் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். ஹைட்ராலிக் அழுத்தம் அதைத் திறந்து பிடித்திருக்கும். அழுத்தம் போனால் ஸ்பிரிங் மூடிவிடும். மேடை முழுக்க ஓடும் மெல்லிய காற்றுக் குழாயில் ஆங்காங்கே உருகும் அடைப்பான்கள் வைத்திருப்பார்கள். தீப்பட்டால் அடைப்பான் உருகும், காற்று வெளியேறும், வால்வுகள் எல்லாம் மூடும். யாரும் ஸ்விட்ச் போட வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆளில்லாத கிணற்று மேடைகளை நம்பி விட்டுவைக்க முடிவது இதனால்தான்.

ஆக, எந்திரம் தன் வேலையைச் செய்கிறது. தவறு பெரும்பாலும் நுழைவது பராமரிப்பு வேலையிலும் ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரத்திலும்.

எந்த வேலைக்கும் பெர்மிட் வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் போன்றவற்றுக்கு ஹாட் ஒர்க் பெர்மிட், சாதாரண வேலைக்குக் கோல்டு ஒர்க், கலத்துக்குள் இறங்க இன்னொன்று. ஒரு பம்பைக் கழற்றுவதென்றால், வேலை செய்பவர் எழுதித் தர, ஷிஃப்ட் பொறுப்பாளர் பார்த்து, ஆபரேட்டர் இரு பக்க வால்வையும் மூடிப் பூட்டி அட்டை தொங்கவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றி, எலெக்ட்ரீஷியன் பிரேக்கரைப் பூட்டி, கடைசியில் வாயு சோதனை. வால்வு கசியலாம், அதனால் பெரிய வேலைக்கு வெறும் வால்வை நம்பாமல் குழாய்க்கு நடுவே இரும்புத் தகடு செருகுவார்கள். கலத்துக்குள் இறங்குமுன் ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க அவர் பாய்ந்து இறங்கவே கூடாது. ஹாட் ஒர்க் முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் தீக்காவலர் அங்கேயே நிற்பார்.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று புதியவர்கள் முணுமுணுப்பார்கள். பதில் வடகடலில் இருக்கிறது. 1988 ஜூலை 6, பைப்பர் ஆல்ஃபா மேடை. கண்டென்சேட் எனப்படும், வாயுவிலிருந்து பிரியும் லேசான எண்ணெயைத் தள்ளும் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். வேலை முடியவில்லை. பம்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு ஒரு பெர்மிட், இரண்டும் வேறு வேறு இடத்தில். இரவு ஷிஃப்டில் மற்றொரு பம்பு நின்றுபோக, வால்வு பெர்மிட்டைப் பற்றித் தெரியாமல் இந்தப் பம்பை ஓட்ட முயன்றார்கள். தகட்டின் ஓரம் கசிந்தது. தீயணைப்பு பம்புகள், கடலுக்குள் வேலை செய்யும் முக்குளிப்பவர்களை உறிஞ்சிவிடக் கூடாதென்று, கையால் இயக்கும் நிலையில் இருந்தன. தீக்குப் பிறகு அவற்றின் பக்கம் யாரும் போக முடியவில்லை. அருகிலிருந்த மேடைகள் குழாயில் அழுத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தன. இறந்தவர்கள் 167 பேர். பலர் தங்கும் அறையில் உத்தரவுக்குக் காத்திருந்தே இறந்தார்கள். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை தந்த 106 பரிந்துரைகளின் சாயல் இன்று உலகத்தின் எந்த மேடையிலும் தெரியும்.

பாம்பே ஹைக்கும் அதன் சொந்தப் பாடம் உண்டு. 2005 ஜூலை 27, மும்பை வெள்ளத்துக்கு மறுநாள். 'சமுத்ர சுரக்ஷா' என்ற கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டது. வானிலையால் ஹெலிகாப்டர் இல்லை. மேடைக்கு மாற்றிச் சிகிச்சை தரலாம் என்று கப்பல் நெருங்கியது. காற்று மறைவான பக்கத்துக் கிரேன் பயன்பாட்டில் இல்லாததால் காற்று வீசும் பக்கமாக வர வேண்டியதாயிற்று. உந்துவிசைக் கோளாறும் சேர்ந்துகொள்ள, கப்பலின் ஹெலிகாப்டர் தளம் வாயு ஏறும் செங்குத்துக் குழாயில் இடித்தது. பி.எச்.என் (பாம்பே ஹை நார்த்) மேடை இரண்டு மணி நேரத்துக்குள் கடலில் சரிந்தது. 22 பேர் இறந்தார்கள். முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மேடைக்கு அருகே வரும் ஒவ்வொரு படகும் இன்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலை முடித்த பிறகுதான் 500 மீட்டர் வட்டத்துக்குள் நுழைய வேண்டும்.

போய்ச் சேருவது எப்படி? பெரும்பாலும் மும்பை ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர். ஆளையும் பையையும் சேர்த்து எடை போடுவார்கள். தீப்பெட்டி, லைட்டர், மது எதுவும் கூடாது. அதற்கு முன் இரண்டு பயிற்சிகள் கட்டாயம்: கடலில் உயிர்பிழைப்பது, மூழ்கும் ஹெலிகாப்டரிலிருந்து தப்புவது. இரண்டாவதில் நீச்சல் குளத்துக்குள் ஒரு கூண்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புரண்டு நிற்கும் வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது. ஜன்னலைத் தள்ளிய பிறகே பெல்ட். வெளியே வந்த பிறகே லைஃப் ஜாக்கெட்டை ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால் மிதப்பு உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும். இதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் ரிக் அருகே கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தார்கள்.

படகிலிருந்து மேடைக்கு ஏறுவது இரண்டு வகை. பெரிய மேடைகளில் கிரேன் கூடை. பை நடுவில், ஆட்கள் வெளி வளையத்தில் உள்நோக்கி நின்று கயிற்று வலைக்குள் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். கூடை கடலில் விழுந்தால் வலைக்குள் மாட்டாமல் விலக முடியும் என்பதால்தான் வெளியே நிற்பது. கிணற்று மேடைகளில் முடிச்சுப் போட்ட ஊஞ்சல் கயிறு. படகு அலையின் உச்சிக்கு வந்து நிற்கும் அந்த நொடியில் முடிச்சுக்கு மேலே பிடித்து வீசிக்கொள்ள வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது போனால் படகு காலில் வந்து இடிக்கும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. கருவிகள் தனிக் கயிற்றில் வரும். தயக்கம் இருந்தால் அன்று போகவில்லை என்று சொல்லும் உரிமை உண்டு, அதைப் பயன்படுத்துவதில் வெட்கமில்லை.

வந்து இறங்கியதும் முதல் வேலை டி-கார்டு. உங்கள் பெயர், லைஃப்போட் எண், கட்டில் எண் எழுதிய அட்டை. அலாரம் அடித்தால் உங்கள் கூடுமிடத்துக்குப் போய் அதைத் திருப்பி வைக்க வேண்டும். திரும்பாத அட்டையின் ஆளைத்தான் தேடுவார்கள். குளியலறையில் இருந்தாலும் துண்டோடு வர வேண்டியதுதான். லைஃப்போட் முழுதும் மூடியது. தீ சூழ்ந்த கடலில் மேலே தண்ணீரைப் பொழிந்துகொண்டு குறைந்தது 8 நிமிடம் தாங்கவும், உள்ளே 10 நிமிடத்துக்குக் காற்று தரவும் கட்டப்பட்டது. படகு தண்ணீரைத் தொட்ட பிறகே அதன் கொக்கியை விடுவிக்க வேண்டும். உலகம் முழுக்க ஒத்திகையின்போதே கொக்கி விட்டுப்போய் ஆட்கள் இறந்ததுண்டு. அதனால் பல இடங்களில் ஆளில்லாமலே படகை இறக்கிச் சோதிப்பார்கள்.

மற்ற நேரம் எப்படிப் போகும்? 12 மணி நேரம் வேலை, மீதி நேரம் தூக்கம், சாப்பாடு, போன். ஓர் அறையில் இரண்டு அல்லது நான்கு பேர். இரவு ஷிஃப்ட்காரர் பகலில் தூங்குவதால் தாழ்வாரத்தில் சத்தம் போடுபவரை யாருக்கும் பிடிக்காது. சாப்பாடு நன்றாகவே இருக்கும். சைவம், அசைவம் இரண்டும், நள்ளிரவில் இரவுக்காரர்களுக்குத் தனிச் சாப்பாடு. பிரச்சினை அளவுதான், நடக்க இடமில்லாத இடத்தில் மூன்று வேளையும் பூரியும் இனிப்பும் கிடைத்தால் எடை கூடும். மிச்ச உணவை 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும் அளவுக்கு அரைத்துத்தான் கடலில் விடலாம். பிளாஸ்டிக் ஒரு துண்டுகூடக் கூடாது. புகைக்கத் தனி அறை உண்டு. சாதாரண மொபைலைத் தங்குமிடம் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. வீட்டில் ஒரு விசேஷம், ஒரு சாவு என்றால் உடனே கிளம்ப முடியாது. ஹெலிகாப்டரில் இடம் வேண்டும், வானிலை வேண்டும். என் கணிப்பில் ஆட்களை இந்த வேலையிலிருந்து விரட்டுவது வாயுவோ அலையோ அல்ல, இதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கட்டுமானப் படகுகள் கரைக்குப் போய்விடும், உற்பத்தி மட்டும் நடக்கும். மழைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மே மாதத்தில் உச்சத்தில் இருக்கும். 2021 மே 17 அன்று டவ்தே புயலில் மூழ்கிய பி-305 என்ற பார்ஜில் (ஆட்கள் தங்கும் தட்டையான மிதவைக் கலம்) 261 பேர் இருந்தார்கள். அவர்கள் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். மேடை நின்றது, பார்ஜ்தான் நங்கூரம் அறுந்து போனது. தம்பிக்குத் தங்குமிடம் மேடையா, பார்ஜா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

14-க்கு 14 என்பது நிரந்தர ஊழியர்களின் கணக்கு. ஒப்பந்த ஆட்களுக்கு 28 நாளோ அதற்கும் மேலோ ஆகலாம், லீவு நாளுக்குச் சம்பளம் இல்லாமலும் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை நாள் சுழற்சி, லீவு நாளுக்குக் காசு உண்டா, வானிலையால் கரையிலேயே காத்திருக்கும் நாளுக்கு யார் தருவது, பயிற்சி, மருத்துவப் பரிசோதனைச் செலவு யாருடையது, காப்பீடு யார் பெயரில், எவ்வளவு. பயிற்சிச் சான்றிதழைக் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த வேலையே வேண்டாம். மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் டிப்ளமா என்றால் பராமரிப்புக் குழுவில் சேரலாம். முதல் ஆறு மாதம் பெர்மிட் எழுதக் கற்றுக்கொள்வதும், பழைய ஆபரேட்டரோடு சுற்று நடப்பதும்தான் பெரிய படிப்பு. உயரம் பயம், வலிப்பு, கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்க வேண்டாம். டாக்டரும் சின்ன ஆஸ்பத்திரியும் பெரிய வளாகத்தில் இருக்கும், ஆனால் இரவில் நெஞ்சு வலி வந்தால் கரைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை வானிலைதான் முடிவு செய்யும்.